திரையில் ஒரு லாரி, தெருவில் ஒரு லாரி

படம் பார்க்கும் தொழிலாளியைப் பழிப்பது நம்மிடையே சிலருக்கு ஒரு பொழுதுபோக்கு. "வாங்குகிற கூலியைக் கொட்டகைக்காரனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறான்" என்பார்கள். நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆறு நாள் முதுகொடிய உழைத்தவனுக்கு, ஏழாம் நாள் மூன்று மணி நேரம் இருட்டிலே உட்கார்ந்து சிரிக்கவும் அழவும் உரிமை உண்டு. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாளில், லயத்து மக்கள் பாயும் பிள்ளையுமாக வந்து முன்வரிசை பிடித்தது அந்த உரிமையினால்தான்.

நாம் கேட்கும் கேள்வி வேறு. நம்மிடம் காசு வாங்கிக்கொண்டு நம் கதையையே நமக்குக் காட்டுகிறவர்கள், அதை நேர்மையாகக் காட்டுகிறார்களா? தேயிலைத் தோட்டம், ரப்பர் தோட்டம், ஏலக்காய் மலை, தங்கச் சுரங்கம், வாழைத் தோட்டம் என்று தொழிலாளியை நடுவில் வைத்து அண்மை ஆண்டுகளில் பல படங்கள் வந்துள்ளன. அவற்றைச் சிங்கப்பூர்க் கொட்டகைகளில் பார்த்த ரசிகர் என்ற முறையில் நம் கருத்தைக் கூற விரும்புகிறோம். ஒரே அளவுகோலை எல்லாப் படங்களுக்கும் வைக்கிறோம். தொழிலாளியின் கண்ணீரைக் காட்டினால் மட்டும் போதாது. அந்தக் கண்ணீரால் எவன் பெட்டி நிறைந்தது என்ற கணக்கையும் காட்ட வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டாத படம், எவ்வளவு அழ வைத்தாலும் அரைப் படமே.

தேக்காவும் திரைப்படமும்

சிங்கப்பூர்த் தமிழனுக்கும் படக்கொட்டகைக்கும் உள்ள உறவு பழையது. மெக்கன்சி ரோட்டு ரெக்ஸ் கொட்டகை 1946-இல் திறக்கப்பட்டது. நார்த் பிரிட்ஜ் ரோட்டு ராயல் கொட்டகையில் தமிழ்ப் படம் பார்த்தவர்கள் இன்றும் பேரப்பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த ரெக்ஸ் 2009-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, தேக்கா சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தமிழ்ப் படம் ஓடுகிறது என்று சிராங்கூன் ரோடு மகிழ்ந்தது. காலம் மாறிவிட்டது. 1939-இல் தொடங்கிய கேத்தே என்ற பெரும்பெயரும் 2025-இல் கொட்டகைத் தொழிலைவிட்டு மறைந்தது. இன்று தொழிலாளர் தங்கும் விடுதிகளில் கைப்பேசியே கொட்டகையாகிவிட்டது.

பார்க்கும் இடம் மாறினாலும் பார்க்கிறவன் மாறவில்லை. ஒரு காலத்தில் துறைமுகத்திலும், கடற்படைத் தளத்திலும், நகராட்சியிலும், பால் மரக் காட்டிலும் உழைத்தவன் பார்த்தான். இன்று அடுக்குமாடி வீடும் பெருவிரைவு ரயில் பாதையும் கட்டுகிறவன் பார்க்கிறான். ஆகவே தொழிலாளியைப் பற்றிய படம் சிங்கப்பூரில் ஓடினால், திரையில் இருப்பவனும் இருக்கையில் இருப்பவனும் ஒரே குடும்பத்தவர் என்று கொள்ளலாம்.

கைதட்டல் யாருக்கு?

முதலில் தங்கச் சுரங்கம். 2018-இலும் 2022-இலும் 'கே.ஜி.எஃப்.' என்ற கன்னடப் படம் இரண்டு பாகங்களாக, தமிழ்க் குரலோடும் வந்து கொட்டகைகளை நிரப்பியது. ஆயிரக்கணக்கான அடிமைகள் சுரங்கத்தில் வாடுகிறார்கள், ஒரு வீரன் வருகிறான், கொடியவனைக் கொல்கிறான், அடிமைகள் அவன் காலடியில் நின்று கோஷமிடுகிறார்கள். நம் இளைஞர்களும் விசிலடித்தார்கள்.

இது கற்பனைக் கதை என்பது நமக்குத் தெரியும். ஆனால் கோலார் தங்கவயல் என்ற ஊர் கற்பனையல்லவே! அங்கே பாதாளத்தில் இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து போன ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் எந்த வீரனுக்காகவும் காத்திருக்கவில்லை. தங்களைக் குற்றவாளிகளைப் போல் கைரேகை வைக்கச் சொன்ன நிர்வாகத்தை எதிர்த்து 1930-இல் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு சங்கம் கட்டினார்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலைக்காகவும் வீட்டுக்காகவும் வழக்காடினார்கள். இத்தனை வரலாற்றையும் துடைத்துவிட்டு, அவர்கள் இடத்தில் வாயில்லாக் கூட்டமொன்றை நிறுத்துவது வெறும் பொழுதுபோக்கு ஆகிவிடாது. தொழிலாளியின் சொத்தில் பெரிய சொத்து அவன் போராட்டம். அதைத் திருடி ஒரு கதாநாயகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். திருட்டுக் கொடுத்தவனே கைதட்டுவதுதான் வேதனை!

2024 ஆகஸ்டில் வந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' அந்தக் குறையைப் போக்கும் என்று எதிர்பார்த்தோம். பயிர் எரிந்துபோக, வரிக்கடனுக்கு நிலத்தை மிராசுதாரிடம் இழந்து பண்ணையாளாகும் குடும்பத்தை அந்தப் படம் காட்டும் முற்பகுதி சிறப்பு. அடிமையானவன் ஏன் வெள்ளைக்காரன் பின்னே பொன் தேடிப் போகிறான் என்பதற்கு அங்கே காரணம் கிடைக்கிறது. பிற்பகுதியில் மாயமும் மந்திரமும் பெருகி அந்தத் தெளிவு மங்கிவிட்டது. ஆனாலும் உழைப்பவனை வாயில்லாப் பூச்சியாகக் காட்டாத படம் அது.

தேயிலையும் ரப்பரும்

பாலாவின் 'பரதேசி' 2013-இல் வந்தது. தேயிலைத் தோட்டத்து மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்ற நாவலையொட்டியது. தமிழில் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் இரா. முருகவேள் மொழிபெயர்த்திருக்கிறார். கங்காணி ஊருக்குள் வந்து முன்பணம் கொடுக்கும் காட்சியையும், ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது கடன் குறையாமல் நிற்கும் காட்சியையும் நம் பாட்டனார்கள் பார்த்திருந்தால், "இது எங்கள் கதை" என்று சொல்லியிருப்பார்கள். இந்த வகையில் அந்தப் படம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியது. நம் குறையெல்லாம் வேறு. படத்தில் தொழிலாளர்கள் நால்வர் கூடி, "என்ன செய்யலாம்?" என்று பேசும் இடமே காணோம். துன்பம் மழைபோல் பெய்கிறது, அவர்கள் நனைகிறார்கள். மழை எங்கிருந்து பெய்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பவர் இல்லை.

இதே இரஞ்சித் 2016-இல் ரஜினிகாந்தை வைத்து எடுத்த 'கபாலி' மலேசியத் தோட்டத் தொழிலாளியின் பெயரை உலகமெங்கும் ஒலிக்கச் செய்தது. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தமிழனுக்கும் வேண்டும் என்று தோட்டத்தில் குரல் எழுப்பும் இளம் கபாலியைக் கண்டு நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஐயோ, அந்தக் காட்சி அரைமணியும் நிற்கவில்லை! கோட்டு மாட்டிய தலைவனும் துப்பாக்கியும் வந்து சேர்ந்ததும் தோட்டம் மறைந்துவிட்டது.

அந்தக் கோரிக்கை சினிமாக்காரரின் கற்பனையில் பிறந்ததன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் சீனருக்கு நிகரான கூலியும் ஒன்று. பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடை ஒழிய வேண்டும், துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்பது கூலிக் கணக்கில் வராத கோரிக்கை. மானக் கணக்கில் வருவது. அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது; ஐந்து தொழிலாளர் மாண்டார்கள். இந்தக் கதையில் காதல் இல்லையா, வீரம் இல்லையா, கண்ணீர் இல்லையா? இதை முழுமையாகப் படமெடுக்க ஒருவரும் முன்வரவில்லையே!

மலேசியத் தமிழர் ஒருவர் தம் கையால் எடுத்த படத்தையும் இங்கே பாராட்ட வேண்டும். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015 இறுதியில் வெளிவந்தது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தது. தலைப்பே பாடம்தான். தீயவன் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லைத் தோட்டத்துத் தமிழ் நாக்கு சொன்ன விதம் அது. தோட்டம் துண்டாடப்பட்ட பின் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கிய குடும்பம், அதில் கெட்டிக்காரப் பையன் ஒருவன், அவனைக் கெட்டவன் என்று சொல்லிச் சொல்லியே அப்படி ஆக்கிவிடும் உலகம். தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவனுக்கு நிலமும் தொழிலும் தராவிட்டால் அவன் பிள்ளை எங்கே போவான் என்ற கணக்கை, பெரிய நடிகர் இல்லாமல், பெரிய பணமும் இல்லாமல் காட்டிய படம் அது.

சங்கத்தையும் விடவில்லை

2018-இல் லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' நம் மதிப்பில் உயர்ந்த படம். ஏலக்காய் மூட்டையை முதுகில் சுமந்து மலையிறங்கும் ரங்கசாமிக்கு ஒரே ஆசை: துண்டு நிலம் வாங்க வேண்டும். வாழ்நாளெல்லாம் சுமந்து வாங்கிய நிலம், விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனில் கைநழுவிப் போகிறது. கடைசியில் அதே நிலத்தில் எழுந்த காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். தன் நிலத்துக்குத் தானே கூலிக் காவல்! அதற்குமேல் வசனம் எதற்கு?

தொழிலாளருக்காகப் பேசும் சங்கத்துக்குள்ளேயே விலைபோகிறவரும் உண்டு என்பதை அந்தப் படம் மறைக்கவில்லை. சங்கத்தவர் சிலர் இதனால் முகம் சுளித்ததைக் கேட்டோம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல சங்கத்துக்கு அந்தக் காட்சி கண்ணாடி; கெட்ட சங்கத்துக்குச் சாட்டை. இரண்டும் தேவைதான்.

ஒரு ரூபாயின் கதை

இனி, நம் மனத்தை விட்டு அகலாத படத்துக்கு வருவோம். மாரி செல்வராஜ் தம் இளமை வாழ்வை ஒட்டி எடுத்த 'வாழை' 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியாயிற்று. வாழைத்தார் சுமக்கும் கிராமத்துப் பையன் சிவனைந்தன். பள்ளிக்கூடம் போக ஆசை; டீச்சர்மேல் பாசம்; ரஜினியா கமலா என்று நண்பனோடு சண்டை. விடுமுறை நாளில் தார் சுமக்கப் போவதென்றால் மட்டும் வேம்பாகக் கசக்கிறது. ஆனால் தாய் தரகரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாள், போகாமல் முடியாது. கங்காணி முன்பணம் கொடுத்த காலம் போய்விட்டது என்று எண்ணுவோர் இந்தப் படத்தைப் பார்க்கட்டும்.

படத்தின் உயிர்நிலை எது தெரியுமா? பலரும் கடைசிக் காட்சியைச் சொல்லி அழுகிறார்கள். நாம் அதற்கு முந்திய ஒரு சிறு காட்சியைச் சொல்வோம். தார் சுமப்போர் கூலி உயர்வு கேட்கிறார்கள். தாருக்கு ஒரு ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். தார் அழுகிவிடும் என்ற பயத்தில் வியாபாரி ஒப்புக்கொள்கிறான். ஒன்றுபட்டுக் கேட்டதால் வெற்றி! பிறகு அவன் கணக்குப் போடுகிறான். கூலியில் ஏறிய காசை எங்கே இறக்கலாம்? ஆட்களுக்குத் தனி வண்டி எதற்கு? தார் ஏற்றிய லாரிமேலேயே அவர்களும் ஏறிப் போகட்டும் என்கிறான். இரவு நேரம், தார்க் குவியலின் உச்சியில் மனிதர்கள். லாரி கவிழ்கிறது.

தோழர்களே, இந்த இடத்தை ஆழ்ந்து பாருங்கள். வியாபாரி யாரையும் அடிக்கவில்லை. யார்மீதும் துப்பாக்கி நீட்டவில்லை. மீசை முறுக்கி, கண் சிவந்து நிற்கும் வில்லன் இவனில்லை. ஒரு செலவைக் குறைத்தான், அவ்வளவே. ஒரு ரூபாய்க் கணக்கில் ஒரு கிராமமே பிணக்காடாயிற்று. கூலியை மட்டும் கேட்டுவிட்டு, வண்டியையும் கூரையையும் பாதுகாப்பையும் கேட்காமல் விட்டால், வலக்கையால் கொடுத்ததை முதலாளி இடக்கையால் பிடுங்கிக்கொள்வான் என்ற பாடத்தை, எந்தச் சங்க மேடையிலும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. இதனால்தான் நாம் பார்த்த படங்களுள் 'வாழை'க்கு முதலிடம் தருகிறோம். சாவு வீட்டிலும் பசி விடாத பையனைக் காட்டியது நெஞ்சை அறுத்தது. அந்தச் சாவுக்குக் கணக்கும் காட்டியது அறிவைத் திறந்தது.

தெருவில் நிற்கும் லாரி

சிங்கப்பூரில் இந்தப் படத்தைப் பார்த்து அழாதவர் குறைவு. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து சாலையைப் பார்த்தோமா என்பதுதான் நம் கேள்வி. விடியற்காலையில் எந்த விரைவுச்சாலையிலும் நின்று பாருங்கள். லாரியின் பின்தட்டில், சிமெண்டு மூட்டைக்கும் இரும்புக் கம்பிக்கும் உரிய இடத்தில், தமிழனும் வங்காளியும் தலை சாய்த்துத் தூங்கியபடி போகிறார்கள். இருக்கை இல்லை, இடைவார் இல்லை.

லாரியின் பின்தட்டில் ஆட்களை ஏற்றுவதைச் சிங்கப்பூர்ச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேலைக்குப் போகும் தொழிலாளியை அவன் முதலாளி ஏற்றிச் செல்வதற்கு மட்டும் விலக்கு உண்டு. கூரையும் உயர்ந்த பக்கக் கம்பிகளும் இருக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. அவை நல்ல விதிகளே. ஆனால் 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில், 17 தொழிலாளரை ஏற்றிவந்த லாரி நின்றிருந்த வண்டியின்மேல் மோதியபோது இருவர் உயிரிழந்தார்கள். 2023 ஜூலையில் மீண்டும் அடுத்தடுத்து விபத்துகள் நேர்ந்தன. லாரியில் ஆள் ஏற்றுவதை நிறுத்துங்கள் என்று பல அமைப்புகள் சேர்ந்து அறிக்கை விட்டன. முதலாளிகளின் சங்கங்களும் பதில் அறிக்கை விட்டன: செலவு கூடும், சாலையில் நெரிசல் மிகும், வீடும் ரயில் பாதையும் கட்டி முடியத் தாமதமாகும் என்றன. உடனே தடைசெய்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அரசாங்கமும் அந்த ஆகஸ்டில் தெரிவித்தது.

சிறு நிறுவனங்களுக்குச் சிரமம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பேருந்து வேண்டும், ஓட்டுநர் வேண்டும், பணம் வேண்டும். ஒரே நாளில் நடக்கக் கூடியதன்று என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இவ்வளவு பங்கு பேருந்துக்கு மாற்றப்படும் என்று நாள் குறித்துத் தொடங்கலாம் அல்லவா? நாள் குறிக்காத சீர்திருத்தம் எழுதாத கடிதம் போன்றது. அது எந்த வீட்டுக்கும் போய்ச் சேராது. 'வாழை' வியாபாரி சொன்ன வார்த்தையும் "செலவு கூடும்" என்பதுதானே? திரையில் அவனைச் சபித்த நாம், தெருவில் அதே வார்த்தையை நியாயம் என்று ஏற்பதெப்படி?

கசப்பான உண்மை இன்னொன்றும் உண்டு. லாரியில் மிச்சமாகும் பணம் முதலாளியின் பெட்டிக்கு மட்டும் போவதில்லை. நாம் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் விலையிலும், ஏறிச் செல்லும் ரயிலின் கட்டணத்திலும் அதன் துளி கலந்திருக்கிறது. 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் இத்தீவின் பூந்தோட்டத்துக்கு வந்தன. அதிலிருந்து பெருகிய தொழிலில், ரப்பர் மலிவாகக் கிடைத்த உலகம் பால்வெட்டியவனின் லயத்தை எட்டிப் பார்க்கவில்லை. "அன்று எங்கள் பாட்டனைப் பார்க்காமல் போனார்களே" என்று குறைபடும் நாம், இன்று லாரியில் போகிறவனைப் பார்க்காமல் போகலாமா? மங்கும் வாளியும் ஏந்தியவனுக்குப் பின் சிமெண்டுச் சட்டி ஏந்தியவன் வந்திருக்கிறான். ஊர் ஒன்று, மொழி ஒன்று, முன்பணக் கடனும் ஒன்று. ஏஜெண்டு என்ற பெயர் மட்டும் புதிது.

சிங்கப்பூர்ப் படக்காரர்களுக்கு

இங்கே படமெடுப்போரிடமும் ஒரு வார்த்தை. 'ப்ரியா'வும் 'நினைத்தாலே இனிக்கும்' படமும் 1978, 1979 ஆண்டுகளில் சிங்கப்பூரைத் தமிழருக்கு அழகுப் படமாகக் காட்டின. 2008-இல் எரிக் கூவின் 'மை மேஜிக்' தமிழ் பேசிக் கான் விழாப் போட்டிக்குச் சென்றது, 2016-இல் கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' படமும் கான் நகரில் திரையிடப்பட்டது. இரண்டும் மனமுருக எடுக்கப்பட்டவை. ஆனால் ஒன்றில் தமிழன் குடிகாரன். மற்றதில் சிறை மீண்டவன். அத்தகையோரும் மனிதரே, அவர்கள் கதையும் வேண்டியதே. எனினும் இந்த நகரத்தைக் கட்டிய தமிழன் எங்கே? நிலம் தூர்க்கும் தளத்தில் காணாமல் போன வெளிநாட்டுத் தொழிலாளியைத் தேடும் 'எ லேண்ட் இமேஜின்ட்' படத்தை இயோ சியூ ஹுவா எடுத்து, 2018-இல் லொக்கார்னோ விழாவின் முதற்பரிசைப் பெற்றார். சீனர் ஒருவர் துணிந்து தொட்ட பொருளைத் தமிழ்ப் படக்காரர் முழு நீளத்தில் தொட வேண்டும் என்று நாம் விரும்புவது தவறாகுமா?

ரசிகத் தோழர்களுக்கு நம் வேண்டுகோள் எளியது. படம் பாருங்கள்; பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். வீடு திரும்பும் வழியில் நடிகரின் சட்டையைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை, "அந்தத் தொழிலாளிக்குக் கூலி எவ்வளவு, அதை நிர்ணயித்தது யார், அவன் ஏன் சேர்ந்து கேட்கவில்லை?" என்று பேசுவதற்கு ஒதுக்குங்கள். சங்கக் கிளைகள் மாதம் ஒரு படம் போட்டு, முடிந்ததும் அரைமணி விவாதிக்கட்டும். 'வாழை'யிலிருந்து தொடங்கலாம். விவாதத்தின் முடிவில், லாரிக்குப் பதிலாகப் பேருந்து வேண்டும் என்று நாள் குறித்துக் கேட்கும் மனு ஒன்றில் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டால், மாரி செல்வராஜின் உழைப்புக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை.

திரையில் கவிழ்ந்த லாரியை நிமிர்த்த நம்மால் ஆகாது. சாலையில் ஓடும் லாரி இன்னும் கவிழவில்லை. அதிலிருந்து நம் தம்பிகளை இறக்கி இருக்கையில் அமர்த்துவது நம்மால் ஆகும். சிந்திப்போம், செயல்படுவோம்!